பாதி உரித்த மரம்

கோடாலியை எறிந்துவிட்டுத்தான் பெல்மீரு விழுந்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஃபோருஷ் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பாட்டில் மூடிக்குப் பட்டை தரும் தக்கை மரத்தின் கவட்டையில் நின்று மேல்கிளைப் பட்டையை நெம்பிக்கொண்டிருந்தவனுக்கு, அப்போதுதான் உரித்த இடத்தின் ஈரத்தில் கால் வழுக்கியது. நேர் கீழே அவன் மச்சினன் செஃபரீனு நின்றான். கோடாலி கையோடு வந்தால் இருவரில் ஒருவர் மேல் இறங்கும். பெல்மீரு அதை வேலிப் பக்கமாக வீசினான். வீசி முடிப்பதற்குள் தரை வந்துவிட்டது. இடது கையை ஊன்றினான். விழுந்தது இரண்டு ஆள் உயரம்.

பெல்மீரு இடதுகைக்காரன். தக்கை உரிக்கிறவர்கள் மரத்துக்கு இரண்டு பேராகத்தான் நிற்பார்கள், ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவன் வலது கை, மற்றவன் இடது கை என்று அமைந்துவிட்டால் அந்த ஜோடிக்கு ஈடு கிடையாது. கோடாலிகள் ஒன்றையொன்று இடிக்காது, பட்டை கதவு மாதிரி அகலமாக வரும். பெல்மீருவும் செஃபரீனுவும் பதினெட்டு வருஷமாக அப்படி ஒரு ஜோடி. நாலு பண்ணை தாண்டியும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

உரித்த பட்டையைப் பொறுக்கி அடுக்குவது பெல்மீருவின் பெண்டாட்டி லியோனில்டாவின் வேலை. சத்தம் கேட்டு ஓடிவந்தவள் அவன் கையைப் பார்த்தாள். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு விரக்கடை பின்னால் துருத்திக்கொண்டு நின்றது.

"செஃபரீனுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான் பெல்மீரு.

"எனக்கு என்ன அத்தான், கல்லு மாதிரி நிக்கேன்," என்று சொன்ன செஃபரீனு மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதான். நாற்பத்து மூன்று வயது ஆள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "வெறும் மூட்டு நழுவலா இருந்தா இழுத்து வச்சு அனுப்பிருவேன். வெறும் முறிவுன்னாலும் சுளுவு. இங்க ரெண்டும் சேந்து வந்திருக்கு. மூட்டு நழுவியிருக்கு, ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு, பக்கத்து நாரும் அறுந்திருக்கு. கொஞ்சம் வில்லங்கம் புடிச்ச கேஸ்தான்." ஒரு எலும்பின் தலை தூள்தூளாகப் போயிருந்தது. அதற்குப் பதில் உலோகத் தலை வைத்தார். மற்ற எலும்பில் பிய்ந்த சில்லைத் திருகாணி போட்டு முடுக்கினார். நாரை எலும்போடு சேர்த்துத் தைத்தார். அனுப்பும்போது சொன்னார்: "பத்து நாள்ல தையல் பிரிச்சதும், முழங்கையோட சேந்து மடங்குற இந்தக் கீல் பட்டையப் போட்டுட்டு மடக்கி நீட்டணும். தினம் அஞ்சு தடவை. என் வேலை பாதிதான்மா. மிச்சப் பாதி உங்க வீட்டுல நடக்கணும்."

லியோனில்டா தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, மனம் ஒப்பவில்லை.

அதில் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. உரித்த தக்கை மரத்தை ஃபோருஷில் எவனும் தொடமாட்டான். பட்டை போன மரம் சிவந்து, பச்சைப் புண்ணாக நிற்கும். உள்ளே இருக்கும் மெல்லிய தோலுக்குத் தாய் என்று பேர். அதில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இனி நல்ல பட்டை கிடையாது. ஏணி சாத்தமாட்டார்கள், ஆடு கட்டமாட்டார்கள். எந்த வருஷம் உரித்ததோ அந்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் தண்டில் எழுதிவிட்டு வந்தால், அடுத்த கோடாலி படுவது ஒன்பது வருஷம் கழித்து. இதைப் பார்த்து வளர்ந்தவளிடம் போய், பத்து நாள் பச்சை ரணத்தை மடக்கு நீட்டு என்றால்?

"மரத்துக்கே ஒம்பது வருஷம் குடுக்கோம். மனுசனுக்கு ரெண்டு மாசம் குடுக்கக் கூடாதா? அந்தாளு படிச்சவரு, சொல்லுவாரு. கை நம்மளதுல்லா," என்றாள். கீல் பட்டையைத் தொண்ணூறு டிகிரியில் பூட்டினாள். அதற்கு மேல் கம்பளித் துணியைச் சுற்றினாள். பெல்மீரு சட்டை மாட்டுவது, முகம் மழிப்பது, ரொட்டியைப் பிய்ப்பது எல்லாம் அவள்தான். ஈ உட்கார விடவில்லை. பயிற்சிக்கு வரச்சொல்லிச் சுகாதார நிலையத்திலிருந்து மூன்று தடவை போன் வந்தது. "இன்னும் ஆறல," என்று மூன்று தடவையும் வைத்துவிட்டாள்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரிப் போனாள். "ஒரு தூசி படாம வச்சிருக்கேன் டாக்டர்."

டாக்டர் பூட்டைத் திறந்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். கை கொஞ்சம் போல அசைந்து நின்றுவிட்டது. அளந்து பார்த்தார். மொத்தமே இருபத்தைந்து டிகிரி.

"எலும்பு அருமையா கூடியிருக்கு," என்றார். "மூட்டுதான் பூட்டிக்கிச்சு. யாரும்மா இப்படிக் கட்டிப்போட்டது?"

லியோனில்டா கம்பளித் துணியை எடுத்துப் பைக்குள் ஒளித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் பெல்மீரு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வெளியே நிற்கும் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். மே மாசக் கடைசியில் உரிப்பு தொடங்கும். முதல் நாள் காலையில் மேஸ்திரி அமாதேவு மரத்தடியில் நின்று ஜோடி பிரிப்பார். அன்றைக்குக் கை வரவில்லையென்றால் பெல்மீருவுக்குத் தரையில் அடுக்குகிற வேலை. செஃபரீனுவின் மறுபக்கத்தில் வேறு எவனோ நிற்பான். மே மாசத்துக்கு ஒன்பது மாசம் இருந்தது.

சுகாதார நிலையத்தில் பயிற்சி கொடுக்கிற ஜசிந்தா கடற்கரைப் பக்கத்துப் பெண், மீன்காரர் வீட்டுப் பிள்ளை. தக்கை மரத்தை ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா!

"வாங்கண்ணே, வாங்க. போன்ல இன்னும் ஆறல ஆறலன்னு சொன்னது இந்தக் கைதானா? மல்லாக்கப் படுங்க. கைய கூரையைப் பாத்துத் தூக்குங்க. உள்ளங்கை காலைப் பாத்து இருக்கணும். இப்ப அந்தக் கையால இந்தக் கையப் புடிச்சு மெதுவா மடக்குங்க. மெதுவான்னேன்! முழங்கைய பக்கவாட்டுல தூக்கக் கூடாது, தச்ச நாரு பிஞ்சிரும். கை ஊனி எந்திரிக்கக் கூடாது. அக்கா, நீங்க ஏன் அங்க ஒளிஞ்சு நிக்கீங்க? இங்க வாங்க. வீட்டுல நீங்கதான் இதப் பாக்கணும்."

"நானா? கெடுத்ததே நான்தானே தாயி."

"கெடுத்தவங்களுக்குத்தான் அக்கறை அதிகம் இருக்கும். வாங்க."

வாரத்துக்கு மூன்று நாள் பஸ். வீட்டில் காலையில் வெந்நீர்த் துணி ஒத்தடம், பிறகு மடக்கல் நீட்டல், மறுபடி பன்றிகளுக்கு ஓக் கொட்டை வைத்துவிட்டு வந்து மடக்கல் நீட்டல். லியோனில்டா சமையலறைக் கதவின் உள்பக்கம் கரிக்கோடு போட்டு வைத்தாள். அவன் கதவில் முதுகைச் சாய்த்து நின்று கையைக் கீழ்நோக்கி நீட்டினால் விரல் எங்கே தொடுகிறது என்று. முதல் மாசம் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

அக்டோபரில் செஃபரீனு ஒரு யோசனையோடு வந்தான். "அத்தான், சொல்றேன்னு தப்பா நினைக்காதீய. அந்தப் பொண்ணு தடவிக்குடுத்துக்கிட்டே இருக்கா. இப்படிப் போனா அடுத்த பிறவியிலதான் கை நீளும். ஒரு வாளி தண்ணியக் கையில தொங்கவிட்டு ஒரு மணிநேரம் நில்லுங்க. தானா வரும்."

அக்காள் லியோனில்டா சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் தொங்கவிட்டார்கள். வாளி போதவில்லை என்று செஃபரீனு தோளைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை இழுக்கவும் செய்தான். லியோனில்டா வந்தபோது முழங்கை சுரைக்காயாக வீங்கியிருந்தது. பெல்மீரு சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஜசிந்தா கொதித்துப்போனாள். "வம்பா இழுத்தா உள்ள கிழியும். கிழிஞ்ச இடத்துல சதைக்குள்ளயே எலும்பு வளரும். பிறகு நானும் இல்ல, டாக்டரும் இல்ல, அந்தக் கைய அப்படியே சுவத்துல மாட்டிக்கிட வேண்டியதுதான். பத்து நாள் போச்சு இப்ப! எவரு அந்த வைத்தியர்?"

அந்த வைத்தியர் செஃபரீனு வாசலுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். லியோனில்டா போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஏன்டா, நீ மார்ச் மாசத்துல பட்டை உரிப்பியா?"

"மார்ச்சுலயா? கிறுக்கா புடிச்சிருக்கு? மரம் குடுக்காதுல்லா. இழுத்தா தாயும் சேந்து பிஞ்சு வந்துரும்."

"பிறகு எப்ப உரிப்ப?"

"மே மாசம் உள்ள நீர் ஏறும். கோடாலிய லேசா வச்சுத் திருப்பிப் பாப்பேன். குடுத்தா எடுப்பேன். குடுக்கலேன்னா அடுத்த இடம் போவேன்."

"மரத்துக்குத் தெரிஞ்ச இந்த நாயம் எங்க வீட்டுக்காரன் கைக்கு மட்டும் ஏன்டா மறந்துபோச்சு?"

சொன்ன பிறகு லியோனில்டாவுக்கே அது உறைத்தது. ஒன்பது வருஷம் தொடாமல் விடுகிறோம் என்பதை மட்டும்தான் அவள் மரத்திடமிருந்து எடுத்துக்கொண்டாள். தொடுகிற நாளில் எப்படித் தொடுகிறோம் என்பதை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளே அவன் கையைப் பிடித்தாள். வெந்நீர்த் துணியை எடுத்ததும், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, நீட்டச் சொல்லி, நிற்கிற இடத்தில் காத்திருப்பாள். அவன் மூச்சு விடும்போது மூட்டு ஒரு நூல் அளவு விட்டுக்கொடுக்கும். "குடுத்துச்சா?" என்பாள். "குடுத்துச்சு," என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு நூலோடு நிறுத்திவிடுவாள்.

கதவில் கோடுகள் பிரிய ஆரம்பித்தன.

மடக்குவதில் ஒரு தொந்தரவு இருந்தது. கரண்டி வாய்க்குப் போகாது. பூண்டும் கொத்தமல்லியும் உப்பும் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்துவிட்டால் அதுதான் அங்கே குளிர்காலச் சாப்பாடு. பெல்மீரு இடது கையில் கரண்டியை எடுப்பான். தாடை வரை வரும், நிற்கும். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளப் பார்ப்பான்.

"குனியாதய்யா," என்பாள் லியோனில்டா. "கை வரட்டும், தலை போக வேண்டாம்."

"கஞ்சி ஆறுதுடி."

"ஆறட்டும். திரும்பச் சுட வைக்கேன்."

செஃபரீனு எதிரில் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்துகொண்டே சொல்வான். "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலேன்னு சும்மாவா சொன்னாங்க."

"மாப்ள, கை வந்ததும் மொத குத்து உனக்குத்தான்."

"அதுக்காகவாவது சீக்கிரம் வரட்டும், அத்தான்."

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கரண்டி உதட்டைத் தொட்டது. பெல்மீரு முதலில் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே விழுங்கிவிட்டான். விழுங்கிய பிறகு கரண்டியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். லியோனில்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். "பூண்டு காரம்," என்றாள். இடித்த பூண்டு மேஜையில்தான் இருந்தது.

ஜனவரியில் ஜசிந்தா லேசான வேலை கொடுக்கச் சொன்னாள். லியோனில்டா மாவுத் தொட்டியை இழுத்துப் போட்டாள். தக்கை உரிக்கிறவன் மாவு பிசைவதா என்று பெல்மீரு முறைத்தான். "உங்கைக்கு மாவு, என் கைக்கு ஓய்வு. கசக்குதா?" என்றாள். வாரா வாரம் பிசைந்தான். முதல் வாரத்து ரொட்டியைப் பன்றிகள்கூட யோசித்துத்தான் தின்றன. மார்ச்சில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, லியோனில்டா கைப்பக்குவம் இப்போதுதான் திருந்தியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் டாக்டர் கடைசியாக அளந்தார். மடக்கு நூற்று முப்பத்தைந்து. நீட்டலில் இருபது டிகிரி குறை. "இனி அந்த இருபது வராது. ஆனா நான் சொல்றேன், இந்தக் காயத்துக்கு இது ராஜா கை. லேசான கோடாலியில தொடங்குங்க. வலிச்சா நிறுத்திருங்க," என்று சொல்லி எழுந்து நின்று அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பெல்மீரு கதவில் முதுகைச் சாய்த்து நின்று கையை நீட்டினான். முழுக் கைக்கென்று அவள் முதல் நாள் போட்டு வைத்திருந்த கோட்டுக்கு மூன்று விரல் முன்னாலேயே நின்றது. கோடாலி வீச்சில் அந்த மூன்று விரல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அந்த இருபதும் நான் தின்னதுதான்," என்றாள் லியோனில்டா. எட்டு மாசமாகத் தொண்டையில் கிடந்தது அது. "ஆறு வாரம் கட்டிப்போட்டேனே பாவி. அந்த டாக்டர் தமுக்கடிக்காத குறையா சொன்னாரு."

பெல்மீரு மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். "எனக்கும் காது இருந்துச்சுல்லா? எங்கிட்டயும்தானே சொன்னாரு?"

"நீ நோவுல கிடந்த."

"நோவுல கிடக்கல, பயந்து கிடந்தேன். அசைச்சா திரும்ப நழுவிரும்னு பயம். ராத்திரி பகலா அதான். ஆம்பள, மரத்துல நிக்கிறவன், பயமா இருக்குன்னு எப்படிச் சொல்ல? நீ வேண்டாம்னு தடுத்தது எனக்கு வசதியாப் போச்சு. பழிய உன் மேல போட்டுட்டு சும்மா இருந்துட்டேன். அந்த இருபதுல பத்து என்னுது."

லியோனில்டா அவன் முன்னால் வந்து நின்றாள். "இத எட்டு மாசம் கழிச்சுச் சொல்றியே, உன்னையெல்லாம் என்ன செய்ய?" என்று சொல்லி, அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவளுக்கு அன்றைக்குத்தான் மூச்சு நேராக வந்தது.

மே மாசக் கடைசித் திங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆட்கள் மரத்தடியில் கூடிவிட்டார்கள். மேஸ்திரி அமாதேவு தொப்பையை வாருக்கு மேல் எடுத்து வைத்துக்கொண்டு ஜோடி பிரித்தார். செஃபரீனு பேர் வந்ததும் நிறுத்தினார். பக்கத்து ஊர் திபேரியு இடுப்பில் கோடாலியோடு தயாராக நின்றான். அவனும் இடதுகைக்காரன்தான்.

"பெல்மீரு, மறைக்காமச் சொல்லு. கை எப்படி?"

"இருபது குறை, மேஸ்திரி."

"மரத்துல குறை வச்சா பண்ணைக்காரன் என்னைத்தான் கேப்பான். தாய்ல ஒரு கீறு விழுந்தா…"

"மேஸ்திரி," என்று குறுக்கே வந்தான் செஃபரீனு. "அத்தான் விழுந்த மரம் பாதியில நிக்குது. மேல்கிளைப் பட்டை அப்படியே இருக்கு. போன வருஷம் நீங்க முடிக்கச் சொன்னீங்க, நான் மாட்டேன்னுட்டேன். ஞாபகம் இருக்கா? அதுல பாத்துருவோம். கீறு விழுந்தா நான் திபேரியு கூடப் போறேன்."

அமாதேவு மூக்கைச் சொறிந்தார். "சரி. ஒரு மரம்."

தண்டு போன வருஷத்துச் சிவப்பிலிருந்து கறுத்துப் போயிருந்தது. அதில் வெள்ளையாக மூன்று என்று எழுதியிருந்தது. கவட்டைக்கு மேலே பழைய சாம்பல் பட்டை. உரித்த தண்டில் சாத்தக் கூடாது என்று ஏணியை மேல்கிளையில் சாத்தினார்கள். பெல்மீரு ஏறினான், பின்னாலேயே செஃபரீனுவும் ஏறி எதிர்ப்பக்கம் நின்றான். லியோனில்டா நேர் கீழே நின்றாள்.

"அக்கா, தள்ளி நில்லு," என்றான் செஃபரீனு.

"நீ ஒன் வேலையப் பாரு."

தக்கை உரிப்பில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பட்டை விட்டுக்கொடுத்தால் கோடாலி விழும் சத்தம் உள்ளே காலியாகக் கேட்கும். கொடுக்காவிட்டால் வறட்டென்று இருக்கும். முதல் வெட்டு வறட்டென்று விழுந்தது. இரண்டாவது வெட்டு எட்டவே இல்லை, காற்றோடு போயிற்று. திபேரியு இருமினான்.

மேலே பெல்மீரு கோடாலியை இறக்கிவிட்டு நின்றான். கிளையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். பிறகு இடது காலைக் கவட்டையில் ஒரு பாதம் முன்னால் நகர்த்தி வைத்து, இடுப்பைக் கிளையோடு ஒட்டினான். எதிர்ப்பக்கம் செஃபரீனு அரைப் பாதம் நகர்ந்து இடம் கொடுத்தான்.

மூன்றாவது வெட்டு காலியாகக் கேட்டது.

அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை. டொக், டொக் என்று இரண்டு கோடாலிகளும் மாறி மாறி விழுந்தன, பதினெட்டு வருஷத்துப் பேச்சு மாதிரி. பெல்மீரு விளிம்பில் கோடாலி நுனியை விட்டு லேசாகத் திருப்பினான். நின்றான், கேட்டான், மறுபடி திருப்பினான். பட்டை நெஞ்சிலிருந்து பெருமூச்சு வருகிற சத்தத்தோடு பிரிந்தது. லியோனில்டா உயரத்துக்கு ஒரே பலகை, ஓரம் கூடப் பிசிறவில்லை. அதைக் கீழே எறியாமல் இரண்டு கையாலும் இறக்கினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"என்னய்யா செஞ்ச மேல?"

"இருபத காலுக்குக் குடுத்துட்டேன்," என்றான் பெல்மீரு. "கை வராட்டி என்ன, ஆள் வந்துட்டுப் போறேன்."

அமாதேவு தாமே ஏணியில் ஏறினார். மூன்று வருஷமாக ஏறாத மனிதர், ஏணி முனகியது. சிவந்து ஈரமாக இருந்த தாய்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. இறங்கி வந்து, எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, "திபேரியு, நீ அந்தக் கடைசி வரிசைக்குப் போ," என்றார். வேறு பாராட்டு அவருக்குத் தெரியாது.

பிறகு சாய டப்பாவைத் திறந்தவர் தூரிகையோடு நின்று யோசித்தார். "தண்டுல மூணு, கிளையில நாலு. ஒரே மரத்துக்கு ரெண்டு எண்ணு. எட்டு வருஷம் கழிச்சு தண்டுக்கு ஒரு தடவை, அதுக்கு அடுத்த வருஷம் கிளைக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தரம் ஏறணும். ஏற வர்றவன் என்னையத்தான் திட்டப் போறான்."

"யாரு திட்டப் போறா, ஏற வர்றவன் நான்தானே?" என்று பெல்மீரு மேலிருந்து இடது கையை நீட்டினான். "குடுங்க இங்க. நானே எழுதுறேன்."

கை முழுசாக நீளவில்லை. அமாதேவு ஏணியில் ஒரு படி ஏறித் தூரிகையைக் கொடுத்தார். பெல்மீரு சாவகாசமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு, மூன்றுக்கு மேலே கிளையில் நான்கு என்று எழுதினான். கோடு கொஞ்சம் கோணல்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து செஃபரீனு, "அத்தான் கையெழுத்து அப்பவும் இப்படித்தான். அதுக்கு ஆஸ்பத்திரியக் குத்தம் சொல்ல முடியாது," என்றான். மரத்தடியே சிரித்தது.

லியோனில்டா பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுக்குகிற இடத்துக்கு நடந்தாள். வண்டிக்காரன் எதிரே வந்து, "அடேங்கப்பா, யார் உரிச்ச பட்டை இது?" என்று கேட்டான்.

"எங்க வீட்டுக் கை," என்றாள். அவன் நகர்ந்த பிறகும் அதை இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.